கதவைத் தட்டிய டாக்டர் அம்மாள்

அமெரிக்காவின் பெரிய தொழில் நகரங்களில் ஒன்று சிகாகோ. 1910-ம் ஆண்டு அங்கே நடந்தது இது.

பெயிண்டுக்கு வேண்டிய வெள்ளைப் பொடி செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு ஒரு பெண்மணி வந்தார். வயது சுமார் 41. சாந்தமான பேச்சு. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேட்டார்.

"முடியாது" என்று சொல்ல நிர்வாகத்துக்கு முழு உரிமை உண்டு. "பார்த்தே தீருவேன்" என்று சொல்ல அந்த அம்மாளுக்கு எந்த உரிமையும் கிடையாது.

அவரால் அபராதம் போட முடியாது. யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. ஒரு யந்திரத்தை நிறுத்தச் சொல்லக்கூட முடியாது. அவரிடம் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகமும், இரண்டு கண்களும்தான்.

ஆனாலும் அவர் போய்வந்த பிறகு பல தொழிற்சாலைகள் மாறின. பல தொழிலாளர்கள் பிழைத்தார்கள். அது எப்படி?

அந்த அம்மாளின் பெயர் ஆலிஸ் ஹாமில்டன். டாக்டர்.

மளிகை வியாபாரியின் மகள்

ஆலிஸ் 1869-ம் ஆண்டு பிறந்தார். வளர்ந்தது இந்தியானா மாநிலத்தில் ஃபோர்ட் வெய்ன் என்ற ஊரில். தகப்பனார் மளிகை மொத்த வியாபாரி. வியாபாரம் நொடித்தது. பெண்கள் தங்கள் காலில் நிற்க வேண்டிய நிலை வந்தது.

மூத்தவர் ஈடித். கிரேக்கப் புராணக் கதைகளை எழுதி உலகப் புகழ் பெற்றவர். அடுத்தவர் ஆலிஸ். டாக்டருக்குப் படிப்பது என்று முடிவு செய்தார். டாக்டர் என்றால் எந்த ஊருக்கும் போகலாம், சேரியானாலும் சிறையானாலும் நுழையலாம், எங்கே போனாலும் உபயோகமாக இருக்கலாம் என்பது அவர் எண்ணம். 1893-ல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1897-ல் சிகாகோவுக்கு வந்தார். பெண்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பேராசிரியை வேலை. ஆனால் குடியிருந்தது பணக்காரத் தெருவில் அல்ல. "ஹல் ஹவுஸ்" என்ற இல்லத்தில்.

ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியின் நடுவே இருந்த இல்லம் அது. ஜேன் ஆடம்ஸ் என்ற அம்மையார் 1889-ல் தொடங்கியது. (இவருக்கு 1931-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.) படித்தவர்கள் அங்கே வந்து தங்கி, அக்கம்பக்கத்து ஏழைகளோடு ஏழைகளாகப் பழகினார்கள். ஆலிஸ் அங்கே 22 ஆண்டுகள் இருந்தார்.

அங்கே அவர் குழந்தைகளைக் கவனிக்கும் மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தினார். பல் முளைக்கும் வரை குழந்தைக்குப் பால் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்று தாய்மார்களுக்குப் பாடம் சொன்னார். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

ஒரு தாய் அதைக் கேட்கவில்லை. அவள் குழந்தை ஓயாமல் அழுதது. முட்டை பொரித்துக் கொண்டிருந்தவள் அதில் ஒன்றைக் கொடுத்தாள். அழுகை நின்றது. மறுநாள் கேக் கொடுத்தாள். பிறகு வீட்டில் என்ன உண்டோ அதையெல்லாம் கொடுத்தாள். குழந்தை கொழுகொழு என்று வளர்ந்தது!

தன் பாடத்தைவிட அந்தத் தாயின் அனுபவம் மேல் என்று டாக்டர் பின்னால் ஒப்புக்கொண்டார். படித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த மனம் வரும்? ஏழை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் பின்னால் அவருக்குப் பெரிய ஆயுதமாகப் பயன்பட்டது.

இன்னொரு சம்பவமும் உண்டு. 1902-ல் சிகாகோவில் டைபாய்டு காய்ச்சல் பரவியது. ஈக்கள்தான் அதைப் பரப்புகின்றன என்று ஆலிஸ் எழுதினார். ஊரே பாராட்டியது. உண்மைக் காரணம் வேறு. குழாய் உடைந்து சாக்கடை நீர் குடிநீரில் கலந்துவிட்டது. அதிகாரிகள் அதை மறைத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்தபோது ஆலிஸ் வெட்கப்பட்டார். தன் தவறைத் தானே வெளியில் சொன்னார். சூடு கண்ட பூனை அல்லவா? பிற்காலத்தில் அவர் ஆதாரம் ஆதாரம் என்று அலைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கை தொங்கிப் போன மனிதர்கள்

ஹல் ஹவுஸைச் சுற்றிக் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலி, போலந்து போன்ற நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆங்கிலம் தெரியாது. கிடைத்த வேலையைச் செய்தார்கள்.

அவர்களில் சிலருக்கு விசித்திரமான நோய் வந்தது. முகம் வெளுக்கும். வயிற்றை முறுக்கும் வலி வரும். சிலருக்கு மணிக்கட்டு செயல் இழந்து கை தொங்கிப் போகும். ஸ்பூனைக்கூடத் தூக்க முடியாது. முற்றினால் மூளை கலங்கும். சாவும் உண்டு.

காரணம்: காரீயம்.

இங்கே இல்லத்தரசிகள் பயந்துவிட வேண்டாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்படுவது. அது வேறு உலோகம். காரீயம் என்பது துப்பாக்கிக் குண்டுக்கும் பாட்டரிக்கும் பயன்படுவது. அந்தக் காலத்தில் வெள்ளைப் பெயிண்டும் காரீயத்திலிருந்து செய்த பொடியில்தான் தயாரானது. பொடி என்றால் தூசி பறக்கும். தூசி மூக்கில் ஏறும். உள்ளே போன காரீயம் சுலபத்தில் வெளியே வராது.

இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இதற்குச் சட்டங்கள் வந்துவிட்டன. அமெரிக்காவில் பேச்சே இல்லை. "எங்கள் தொழிற்சாலைகள் நல்ல தொழிற்சாலைகள். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை" என்பது முதலாளிகளின் நினைப்பு. யாருக்காவது நோய் வந்தால், "அவன் கை கழுவாமல் சாப்பிட்டிருப்பான், குடிகாரனாக இருப்பான்" என்று சொல்லிவிடுவார்கள். ஆக, குற்றம் நோயாளியுடையது!

இல்லினாய் மாநில அரசாங்கம் இதை ஆராய ஒரு குழு அமைத்தது. அதை நடத்தும் பொறுப்பு ஆலிஸுக்கு வந்தது. உதவிக்குச் சுமார் 20 இளைஞர்கள். வேலை பெரியது. அதிகாரமோ பூஜ்யம்.

தொட்டியைத் தேடிய கதை

தொழிற்சாலைக் கணக்கில் நோயாளியே இல்லை. நோய் வந்தவன் வேலைக்கு வருவதில்லை. வராதவன் பெயர் கணக்கில் இருப்பதில்லை. பிறகு எங்கே தேடுவது?

ஆலிஸ் ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். பதிவேடுகளைப் புரட்டினார். தொழிற்சங்கத் தலைவர்களைக் கேட்டார். ஏழைகள் டாக்டரிடம் போகுமுன் மருந்துக் கடைக்காரரிடம்தானே போவார்கள்? கடைக்காரர்களையும் கேட்டார். கடைசியில் நோயாளிகளின் வீட்டுக்கே போனார். தொழிற்சாலையில் பயந்து வாய் திறக்காதவன், தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அவன் சொல்லாவிட்டால் அவன் மனைவி சொன்னாள்.

இப்படித் தேடும்போது ஒரு போலந்துக்காரர் அகப்பட்டார். கடுமையான வயிற்று வலி. இரண்டு கைகளும் தொங்கிவிட்டன. எங்கே வேலை என்று கேட்டால், குளிக்கும் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் வேலை என்றார்.

ஆலிஸுக்கு ஆச்சரியம். ஐரோப்பிய நிபுணர்கள் எழுதிய புத்தகங்களில்கூட இந்த வேலையால் காரீய நோய் வரும் என்று இல்லை. அந்தத் தொழிற்சாலைக்குப் போனார். நிர்வாகத்தார் கதவைத் திறந்து அழைத்துப் போனார்கள். தொட்டிகளுக்குப் பெயிண்டு அடித்துக் கொண்டிருந்தார்கள். அந்தப் பெயிண்டில் காரீயமே இல்லை!

வேறு யாராக இருந்தாலும், "நோயாளி உளறுகிறான்" என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள்.

ஆலிஸ் திரும்பவும் அந்தப் போலந்துக்காரர் வீட்டுக்குப் போனார். அப்போதுதான் குட்டு வெளியாயிற்று. அவர் பார்த்தது கடைசியாகத் தொட்டிக்கு மெருகேற்றும் இடம் மட்டும்தான். எனாமல் பூசும் இடம் வேறு! அது ஊருக்கு வெளியே தொலைவில் இருந்தது.

அங்கே போனார். நெருப்புப் போல் பழுத்த இரும்புத் தொட்டியின் மேல் தொழிலாளர்கள் எனாமல் பொடியைத் தூவினார்கள். பொடி உருகி வழிந்து தொட்டியில் படிந்தது. காற்றெல்லாம் ஒரே தூசி. அந்தப் பொடியில் கொஞ்சம் ஒரு தொழிலாளி மூலம் கிடைத்தது. சோதித்துப் பார்த்தார்கள். 100-க்கு 20 பங்கு காரீயம்!

அந்த நோயாளி உளறவில்லை.

முதலாளியும் வேலைக்காரனும்

இனி, முதலில் சொன்ன வெள்ளைப் பொடி விஷயத்துக்கு வருவோம்.

அந்தத் தொழிலில் பெரிய நிறுவனம் நேஷனல் லெட் கம்பெனி. அதன் பெரிய அதிகாரிகளில் ஒருவர் எட்வர்ட் கார்னிஷ். பின்னால் கம்பெனித் தலைவராகவே ஆனவர். சிகாகோவில் அவர்கள் தொழிற்சாலையை ஆலிஸ் பார்த்தார். தூசியைக் கண்டார். அங்கே வேலை செய்பவர்கள் உடலில் காரீய நஞ்சு ஏறிக் கொண்டிருக்கிறது என்று கார்னிஷிடமே நேருக்கு நேர் சொன்னார்.

கார்னிஷுக்குக் கோபம் வந்தது. நம்பவும் முடியவில்லை. அந்தப் பக்கமாகப் போன ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டார். காரீயத்தால் உனக்கு எப்போதாவது உடம்புக்கு வந்ததா என்று கேட்டார். அந்த ஆள் நடுங்கிவிட்டான். இல்லை, இல்லை, எனக்கு ஒன்றுமே வந்ததில்லை என்று தடுமாறிச் சொன்னான்.

பாவம், அவன் வேறு என்ன சொல்வான்? எஜமான் நேரில் நிற்கிறார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

ஆலிஸ் அங்கே சண்டை போடவில்லை. பத்திரிகைக்கு எழுதி அவர் பெயரைச் சந்தி சிரிக்க வைக்கவும் முயலவில்லை. அந்த மனிதர் கெட்டவர் அல்ல. அவருக்குத் தெரியவில்லை என்று எடை போட்டார். கார்னிஷும் ஒரு வார்த்தை சொன்னார். நீங்கள் சொல்வதை நிரூபித்துக் காட்டுங்கள். நிரூபித்தால் நீங்கள் சொன்னபடியெல்லாம் செய்கிறேன், டாக்டர்களைக்கூட நியமிக்கிறேன் என்றார்.

கோபத்தில் சொன்ன வார்த்தை என்று பலர் விட்டிருப்பார்கள். ஆலிஸ் அதைப் பிடித்துக் கொண்டார்.

திரும்பவும் ஆஸ்பத்திரிப் பதிவேடுகள். திரும்பவும் சந்து பொந்துகள். கடைசியில் 22 பேருடைய விவரத்தோடு கார்னிஷ் முன் வந்து நின்றார். அந்த 22 பேரும் அவர் கம்பெனியில் வேலை செய்தவர்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குக் காரீய நோய் முற்றியவர்கள். நடுங்கிய தொழிலாளியின் வாயால் வராத சாட்சியம், ஆஸ்பத்திரி ஏட்டில் மையால் எழுதப்பட்டிருந்தது!

கார்னிஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூசியை அடக்கும் ஏற்பாடுகளைச் செய்தார். அப்படிச் செய்யும்படி எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பார்த்துச் செய்ய மாதிரியும் இல்லை. கம்பெனி எஞ்சினீயர்கள் புதிதாக யோசித்துச் செய்தார்கள். தொழிலாளர்களைச் சோதிக்க டாக்டர்களும் வந்தார்கள்.

எல்லா முதலாளிகளும் கார்னிஷ் அல்ல. நல்லவர் என்று பெயரெடுத்த இன்னொரு முதலாளி, ஆலிஸ் பேசியதைக் கேட்டுத் திகைத்துப் போனாராம். தொழிலாளிக்கு நோய் வந்தால் அதற்குத் தானா பொறுப்பு என்பது அவர் கேள்வி. அப்படி ஓர் எண்ணம் அதுவரை அவர் மனத்தில் உதித்ததே இல்லை!

இல்லினாய் ஆராய்ச்சி முடிந்தது. காரீயம் 70-க்கும் மேற்பட்ட தொழில்களில் பயன்படுவதும், 578 பேருக்கு அந்த நோய் வந்திருப்பதும் ருசுவாயிற்று. 1911-ல் அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. ஆபத்தான வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பும் மாதாந்தர மருத்துவச் சோதனையும் கட்டாயம் ஆயின.

சம்பளம் இல்லாத உத்தியோகம்

1910-ல் பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் ஒரு மாநாடு நடந்தது. தொழில் விபத்துகளையும் நோய்களையும் பற்றிய சர்வதேச மாநாடு. ஆலிஸும் போனார். அமெரிக்காவில் எத்தனை பேருக்கு இந்த நோய், என்ன சட்டம், என்ன சோதனை என்று ஐரோப்பியர்கள் கேட்டார்கள். எதற்கும் பதில் இல்லை. அமெரிக்காவில் தொழில் சுகாதாரம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று பெல்ஜிய அதிகாரி ஒருவர் ஒரே போடாகப் போட்டார்.

அதைக் கேட்டுக் கொண்டிருந்தவர்களில் ஒருவர் சார்லஸ் நீல். அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் தொழிலாளர் துறைத் தலைவர். ஊர் திரும்பியதும், நாடு முழுவதும் இதே ஆராய்ச்சியை நடத்தும்படி ஆலிஸைக் கேட்டுக் கொண்டார்.

உத்தியோகத்தின் லட்சணம் இது: மாதச் சம்பளம் கிடையாது. எழுதி முடித்த அறிக்கையை அரசாங்கம் ஒரு விலை போட்டு வாங்கிக் கொள்ளும். ஆபத்தான தொழிற்சாலைகள் எங்கே என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே விடுவதும் விடாததும் மானேஜரின் மரியாதையைப் பொறுத்தது!

ஆலிஸ் ஒப்புக் கொண்டார்.

முதல் உலக யுத்தத்தின்போது வெடிமருந்துத் தொழிற்சாலைகளைத் தேடிப் போனார். அவை இருக்கும் இடம் ரகசியம். ஆனால் புகையை மறைக்க முடியுமா? வானத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாக எழும் புகையைப் பார்த்து நடந்தார். தெருவில் மஞ்சள் பூசியது போன்ற ஆட்கள் எதிர்ப்பட்டார்கள். பிக்ரிக் அமிலம் என்ற ரசாயனம் அவர்கள் தோலில் ஏறியிருந்தது. "மஞ்சள் குருவிகள்" என்று ஊரார் கேலி செய்தார்கள். அவர்கள் வந்த வழியே போனால் தொழிற்சாலை!

1919-ல் ஹார்வர்டு பல்கலைக் கழகம் அவரை உதவிப் பேராசிரியையாக நியமித்தது. அந்தப் பல்கலைக் கழகத்தின் முதல் பெண் ஆசிரியை அவர்தான். தொழில் நோய்களைப் பற்றி அவர் அளவு தெரிந்தவர் அப்போது அந்த நாட்டில் இல்லை. அதனால் வேறு வழி இல்லாமல் அழைத்தார்கள்.

அழைத்தவர்கள் நிபந்தனையும் போட்டார்கள். பேராசிரியர்கள் கூடும் கிளப்புக்கு வரக் கூடாது. கால்பந்துப் போட்டிக்கு டிக்கெட் கேட்கக் கூடாது. பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் நடக்கக் கூடாது. ஆண்டுதோறும் விழா அழைப்பிதழ் வரும். கூடவே, பெண்கள் மேடையில் உட்காரக் கூடாது என்ற எச்சரிக்கையும் வரும்!

1935-ல் ஓய்வு பெற்றபோதும் அவர் உதவிப் பேராசிரியைதான். 16 ஆண்டில் ஒரு படிகூட உயர்த்தவில்லை.

திறக்காத கதவு

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுமையாகாது. ஆலிஸ் தோற்ற கதை அது.

1920-களில் பெட்ரோலில் காரீயம் சேர்த்த ஒரு ரசாயனத்தைக் கலக்க ஆரம்பித்தார்கள். மோட்டார் யந்திரம் இடிக்காமல் ஓடுவதற்காக. 1924-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் அந்த ரசாயனம் செய்யும் இடத்தில் 5 தொழிலாளர்கள் புத்தி கலங்கி இறந்தார்கள். 1925 மே மாதம் வாஷிங்டனில் மாநாடு கூடியது. ஆலிஸ் எழுந்து பேசினார். காரீயம் உள்ள இடத்தில் இன்றோ நாளையோ காரீய நோய் வந்தே தீரும், இதற்குப் பதிலாக வேறு பொருளைத் தேடுங்கள் என்றார்.

அவர் கையில் இந்தத் தடவை 22 பேர் பட்டியல் இல்லை. தெருவில் போகும் கோடிக்கணக்கான மக்களின் உடம்பில் நாளைக்கு ஏறப்போகும் நஞ்சுக்கு இன்றைக்கே ஆஸ்பத்திரிப் பதிவேடு கிடைக்குமா? எதிரே ஒரு கார்னிஷும் இல்லை. பெரிய மோட்டார் கம்பெனிகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் இருந்தன. தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று நிபுணர் குழு 1926-ல் சொல்லிவிட்டது.

காரீயப் பெட்ரோல் உலகம் முழுவதும் ஓடியது. நம் நாட்டில் அது நின்றது 2000-ல். உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் நின்றது 2021-ல். அந்த அம்மாள் எச்சரித்து 96 ஆண்டுகள் கழித்து!

தனி மனிதரின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பும் வித்தை அவருக்குத் தெரியும். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அது பலித்தது. ஆனால் எல்லா முதலாளிக்கும் மனச்சாட்சி விழித்துக் கொண்டே இருக்கும் என்று அவர் நம்பி உட்கார்ந்துவிடவில்லை. சட்டம் வேண்டும், இழப்பீடு வேண்டும், ஆய்வாளர் வேண்டும் என்று கடைசி வரை சொன்னார். 1943-ல் தன் வாழ்க்கைக் கதையையும் எழுதினார்.

கனெக்டிகட் மாநிலத்தில் ஹாட்லைம் என்ற கிராமத்தில் அவர் வீடு. 1970 செப்டம்பர் 22-ந் தேதி அங்கே காலமானார். வயது 101.

அதே ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி ஜனாதிபதி நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்கா முழுவதும் தொழிலாளர் பாதுகாப்புக்கான சட்டம். தொழிற்சாலைக்குள் சென்று சோதிக்கும் உரிமையை அது அரசாங்க ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது.

ஆலிஸ் அம்மாள் இறந்து அன்றைக்கு 98 நாள் ஆகியிருந்தது.